உந்த வழி

சுட்டெழுத்து மூன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்: அ, இ, உ. இரத்தினவேலரிடம் இரண்டுதான் இருந்தன.

யாழ்ப்பாணத்தார் வாயைத் திறந்தால் உது, உவன், உங்கை என்று மூச்சுக்கு ஒன்று விழும். கேட்கிறவருக்குப் பக்கத்தில் கிடக்கிற எதையும் நாங்கள் உகரம் போட்டுத்தான் சொல்வோம். இந்தியத் தமிழர் அதை எந்தக் காலத்திலோ கைவிட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இதுவும் அதுவும் போதும். இரத்தினவேலர் கோப்பாயில் பிறந்த அசல் யாழ்ப்பாணத்தார். ஆனாலும் மகள் அருள்மலரின் கைக்குப் பக்கத்தில் உப்புப் போத்தல் இருந்தால், "அந்தப் போத்தலை எடு பிள்ளை, உன்ர இடக்கைப் பக்கம் நிக்கிறதை," என்பார். ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு ஆறேழு சொல் செலவழிப்பார்.

"மலாயாவில இருந்து பழகினது. அப்பாவுக்கு எங்கட ஊர்ப் பேச்சு பிடிக்காது," என்று அருள்மலர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சமாளிப்பாள். மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த மலாயன் பென்சனியர் என்றால் ஊரில் ஒரு பவுசு உண்டுதானே. அந்தப் பவுசின் தலையில் எந்தப் பழியையும் போட்டுவிடலாம். பேத்தி அட்சயா மட்டும் விடமாட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இது, உது, அது என்று மூன்று நிரல் எழுதிக்கொண்டு வரச் சொன்னபோது, அம்மப்பா இரண்டு நிரலுக்கு உதவி செய்துவிட்டு, "நடுவில உள்ளதைக் கொம்மாவைக் கேள்," என்று எழும்பிப் போய்விட்டார். அட்சயா இதைத் தன் ரீச்சரிடமே முறைப்பாடு செய்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த கட்டிடத்துக்குக் கீழே, புதிதாக வந்திறங்கிய சனம் கையில் கடதாசித் துண்டோடு நின்று, "அங்கிள், உந்த அட்ரஸ் எங்கை?" என்று கேட்டால் அவர் வாயால் வழி சொல்லமாட்டார். கூட்டிக்கொண்டே போவார். பனியோ மழையோ, எழுபத்து மூன்று வயதில், கெனடி வீதிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து போய், கதவைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். தங்கமான மனிசன் என்று சனம் சொல்லிற்று. அந்தப் பேருக்குத் தான் உரியவன் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அவர் கூட்டிக்கொண்டு போனது நல்ல மனத்தால் அல்ல, பயத்தால்.

அந்தப் பயம் 1942 சனவரியில் பிடித்தது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஜோகூரில் சுங்கை பெலாலங் என்ற குட்டி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. யப்பான்காரன் வடக்கிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரனின் படை தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பிற்பகல் நாலு பேர் நிலையத்துக்குள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட், ஒரு பஞ்சாபி ஹவில்தார், இரண்டு சிப்பாய்கள். ஆற்றுப் பாலம் இன்னும் நிற்கிறதா, அக்கரைக்கு யப்பான்காரன் வந்துவிட்டானா என்று வேவு பார்த்து வரப் புறப்பட்டவர்கள். சிப்பாய்களில் ஒருவன் தமிழன், தூத்துக்குடிப் பக்கம். அவன்தான் டிக்கெட் யன்னலுக்குள் குனிந்து, "தம்பி, பாலத்துக்கு எந்த வழி?" என்று கேட்டான்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று சிப்பாய்களின் முதுகுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி நேரே பாலத்துக்குப் போவது. மற்றது இரத்தினவேலரின் முதுகுக்குப் பின்னால், இறப்பர்த் தோட்டத்துக்குள்ளால் சதுப்பு நிலத்துக்குப் போவது. சதுப்புக்குள் யப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று காலையிலிருந்தே ஒரு கதை அடிபட்டது. இரத்தினவேலர் அவசரத்தில், "உந்த வழியாலை போங்கோ," என்றார். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற வழி என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த நேரம் பார்த்துத் தந்தி தட்டத் தொடங்கிற்று. அவர் தந்தியை எடுத்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது யன்னலில் ஒருவரும் இல்லை.

ஐந்து மணிபோல் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. அடுத்த நாள் விடிய, நிலையத்தைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. தண்டவாளத்தில் குண்டு விழும் என்று பயந்து ஸ்டேசன் மாஸ்டரோடு தோட்டத்து வழியால் நடந்தபோது, சதுப்பின் கரையில் சேற்றுக்குள் ஒரு சப்பாத்து நின்றது. பட்டாளத்துச் சப்பாத்து. ஒற்றை. இரத்தினவேலருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறிற்று. ஆனால் என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

மூன்று மாதம் கழித்து, வேறொரு தோட்டத்தில் ஒதுங்கியிருந்தபோது அங்கேயிருந்த இந்தியத் தமிழ்க் கங்காணி சிரித்துக்கொண்டு கேட்டார். "அதென்ன தம்பி, எதுக்கெடுத்தாலும் உந்த, உந்தங்குற? இந்தவா, அந்தவா? ஒண்ணும் வெளங்கலையே."

அன்றைக்கு எல்லாம் ஒன்றாக விளங்கிற்று. சிப்பாயின் காதில் 'உந்த' என்பது 'இந்த' என்று விழுந்திருக்கிறது. இரத்தினவேலரின் பக்கத்து வழியால், பிழையான வழியால் போயிருக்கிறான். போய்ச் சதுப்பில் மாட்டியிருக்கிறான். நாலு பேரை ஒரு சொல் கொன்றுவிட்டது என்று இரத்தினவேலர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுட்டு அவர் வாயில் வரவில்லை. கலியாணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார், பென்சன் எடுத்து ஊருக்குப் போனார், ஊர் கெட்டபிறகு கனடாவுக்கு வந்தார். பெண்சாதிக்கும் சொல்லவில்லை. இந்த மனிசன் ஏன் இப்படிச் சுற்றி வளைத்துக் கதைக்கிறது என்று தெரியாமலே அந்த மனிசி போய்ச் சேர்ந்தது.

1996 ஆம் ஆண்டு பங்குனி மாதம், ரொறன்ரோவில் வருகிற ஒரு தமிழ்க் கிழமைப் பத்திரிகையில், வீடு விற்கிற விளம்பரங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் சின்ன எழுத்தில் ஒரு அறிவித்தல் வந்தது. இரத்தினவேலர் பத்திரிகை என்றால் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிக்கிறவர். அவர் கண்ணில் தப்புமா?

"1942 ஜனவரியில் ஜோகூர் சுங்கை பெலாலங் ரயில் நிலையத்தில் வேலை செய்தவர்கள் எவரேனும் இருந்தால் தொடர்புகொள்ளவும். அங்கிருந்து வேவுக்குச் சென்ற நால்வரில் ஒருவர் என் தகப்பனார் சூசைமாணிக்கம். - கஸ்பர், ரெக்ஸ்டேல்."

கீழே ஒரு தொலைபேசி இலக்கம். இரத்தினவேலர் அதை வெட்டி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். யன்னலுக்குள் குனிந்த அந்த முகத்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பெயரோடு ஒரு பிள்ளையும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இதே நகரத்தில், காரில் போனால் அரைமணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது. என் தகப்பனை எங்கே அனுப்பினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பதினொரு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அருள்மலர் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் பிரசர் பார்த்து, சுகர் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு உடம்பா என்று பாராட்டி அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் உடுப்புத் தோய்க்கப் பையைத் துழாவிய அருள்மலரின் கையில் துண்டு அகப்பட்டது.

"இதென்ன அப்பா? நீங்கள் வேலை செய்த ஸ்டேசன் எல்லோ?"

"வை பிள்ளை அதை."

"பாவம், தேப்பன்ர கதையை அறியத் துடிக்கிறார். நீங்கள் இதைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறியள்," என்றவள் அவர் எழும்பி வருவதற்குள் இலக்கத்தைச் சுழற்றிவிட்டாள். அருள்மலர் அப்படித்தான். யோசிக்கிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவள் காரியத்தை முடித்துவிடுவாள்.

கஸ்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பத்தாறு வயது, நெடுத்த மனிதர். தபால் பிரிக்கிற இடத்தில் இருபது வருட வேலை. கக்கத்தில் ஒரு தடித்த பைண்டர். கதவடியில் பனிச் சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாக வைத்தார். இரத்தினவேலரின் கண் அந்தச் சப்பாத்துகளை விட்டு எழும்பவில்லை.

"உங்கை இருங்கோ," என்றாள் அருள்மலர், கஸ்பருக்கு அருகில் கிடந்த கதிரையைக் காட்டாமல் வாயால் மட்டும்.

கஸ்பர் நாலு பக்கமும் பார்த்தார். "எங்கம்மா?"

"உங்கைதான். உந்தக் கதிரையில."

"ஓ, இந்தச் சேர்லயா?" என்று கஸ்பர் வீட்டைக் குறுக்கறுத்து நடந்து போய், அருள்மலருக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைப் பிடித்து இழுத்தார்.

இரத்தினவேலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்து நாலு வருடமாக மனத்துக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்தது இப்போது கண்ணுக்கு முன்னால், எட்டாம் மாடியில், பட்டப்பகலில் நடந்துவிட்டது. அதே சொல், அதே பிழை. அவர் சோபாவின் நுனியில் குந்தினார்.

"தம்பி, தேத்தண்ணி குடிக்க முதல் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு டிக்கெட் யன்னலில நிண்டது நான்தான். உங்கட அப்பாவைச் சாவுக்கு அனுப்பினதும் நான்தான்."

கஸ்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரத்தினவேலர் கையை உயர்த்தி மறித்தார். "நான் முடிக்கிறன். இடையில நிப்பாட்டினால் பிறகு வராது." தேத்தண்ணித் தட்டோடு வந்த அருள்மலர் அப்படியே நின்றுவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: இரண்டு வழி, தந்தி, வெடிச் சத்தம், கங்காணியின் சிரிப்பு. மலாயாப் பழக்கம் என்று தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சமாளித்தது உண்மையில் என்னவென்று அருள்மலருக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அடுத்த நாள் அந்தத் தோட்டத்து வழியாலை போகேக்கை சேத்துக்குள்ள ஒரு சப்பாத்து..."

கஸ்பர் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். "பூட்ஸா? பூட்ஸ நீங்க பாத்தீங்களாய்யா? உங்க கண்ணால?"

"ஓம், பார்த்தனான்."

"எந்தக் காலு?"

"இடக்கால். சேத்துக்குள்ள பாதி தாண்டு நிண்டது."

"நுனி எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல," என்று சொன்ன கஸ்பரின் குரலில் அவசரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரத்தினவேலர் கண்ணை மூடினார். இதை ஒருவரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டதில்லை. ஸ்டேசன் மாஸ்டர் முன்னால் போகிறார், சாறனை மடித்துக் கட்டியிருக்கிறார். நிலையம் முதுகுக்குப் பின்னால். சப்பாத்தின் நுனியில் ஒரு சின்னத் தவளை இருக்கிறது. தவளை அவரைப் பார்க்கிறது. குதிக்கால் அல்ல, நுனிதான் அவர் பக்கம்.

"என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டது," என்றார். "ஸ்டேசனைப் பார்த்துக்கொண்டு."

"அப்போ திரும்பி வந்திருக்காங்க," என்றார் கஸ்பர். அவருடைய கண் கலங்கிவிட்டது. "போகும்போது விட்ட பூட்ஸ் இல்ல அது. வரும்போது விட்டது."

"ஆர் திரும்பி வந்தது?"

"எங்கப்பாதான்யா."

"எங்கை வந்தவர்?"

"வீட்டுக்குத்தான். சிங்கப்பூர்ல கைதியா இருந்துட்டு நாப்பத்தஞ்சுல வந்துட்டாரு. எழுபத்தொம்பதுலதான் செத்தாரு. சர்க்கரை. நீங்க பேச விட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

இரத்தினவேலர் மகளைப் பார்த்தார். "எழுபத்தொன்பது எண்டோ சொல்லுறார்?"

"ஓமப்பா."

"மற்ற மூண்டு பேரும்?"

"எல்லாரும் அன்னைக்கு ராத்திரியே படையோட சேந்துட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் கஸ்பர். அவர் தேத்தண்ணித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு பைண்டரைத் திறந்தார்.

அதற்குள் இருந்தவை வெட்டிய கடதாசிக் கீலங்கள். தபால் பிரிக்கிறவரின் கை அல்லவா. லெப்டினன்ட் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பையும், ஹவில்தார் தன் மகனுக்குச் சொல்லி மகன் எழுதி அனுப்பிய கடிதத்தையும், அப்பா எழுதி வைத்த கொப்பியையும் பிரதி எடுத்து, வரி வரியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நேரம் குறித்திருந்தார். சாப்பாட்டு மேசையில் மூன்று நிரலாக அடுக்கினார். இரண்டு மணி, மூன்று மணி, ஐந்து மணி. லெப்டினன்டுக்கு நல்ல வெயில் அடித்த அதே மூன்று மணிக்கு ஹவில்தாருக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலாவது நிரல் வெறுமையாகக் கிடந்தது. அதன் தலையில் 'டிக்கெட் பையன்' என்று எழுதியிருந்தது.

நிரல்களுக்குள் இருந்த சண்டை இதுதான். வந்த வழியே திரும்பினோம் என்று லெப்டினன்ட் எழுதியிருந்தார். சூசைமாணிக்கமோ, பாலத்தடியில் அக்கரையிலிருந்து சுட்டார்கள், ஒன்றும் படவில்லை, வழி தப்பி ஓடிச் சதுப்புக்குள் விழுந்து, தோட்டத்துக்குள்ளால் வந்து, இருட்டில் நிலையத்தைச் சுற்றிக் கடந்து போனோம், என் இடது பூட்ஸ் சேற்றோடு போயிற்று என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். துரை எழுதியதை ஊர் நம்பிற்று. சிப்பாயை ஊர் 'ஒத்தப் பூட்ஸு' என்று கூப்பிட்டது.

"நானே கதை விடாதீங்கப்பான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன்யா," என்றார் கஸ்பர். "துரைக்கு வழி தப்பிப்போச்சுன்னு எழுத வெக்கமா இருந்திருக்கும். அது எனக்கு அப்பத் தோணல."

இரத்தினவேலருக்கு இன்னும் ஒரு முள் மிச்சம் இருந்தது. "திரும்பி வந்தது சரி தம்பி. போனது எந்த வழியால்? என்ர சொல்லைக் கேட்டெல்லோ போனவை?"

கஸ்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் நிரலில் மூன்று மணிக் கீலம் ஒன்றை எடுத்து வாசித்தார்: "டிக்கெட் கொடுக்கும் யாழ்ப்பாணத்துப் பையனைப் பாலத்துக்கு வழி கேட்டேன். உந்த வழி என்றான். உந்த என்றால் என்ன வழி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பையன் பயத்தில் உளறுகிறான் என்று துரையிடம் சொன்னேன். வெளியே தண்டவாளத்தில் கல் அள்ளிக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு, அவர் கை காட்டிய வழியில் போனோம். தண்டவாளத்து வழிதான்."

இரத்தினவேலர் அந்தக் கீலத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார்.

"உளறுகிறான் எண்டோ எழுதியிருக்கிறார்?" என்றார் இரத்தினவேலர்.

"ஆமாய்யா. மன்னிச்சுக்கோங்க."

"நான் உளறேல்லை. வடிவாத்தான் சொன்னனான்." அவருக்குக் கோபம்கூட வந்தது. ஐம்பத்து நாலு வருடம் ஒரு சொல்லைச் சுமந்திருக்கிறார். அந்தச் சொல்லை ஒருவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறிற்று, சிரிப்பு இருமலாயிற்று, அருள்மலர் முதுகைத் தடவினாள். தடவ, அவர் அழுதார். துக்கத்தில் அல்ல. பெரிய பெட்டியை இறக்கி வைத்தவனுக்குத் தோள் நோகுமே, அப்படி ஒரு அழுகை. இத்தனை நாளாக இறங்காத சோறு அன்றைக்கு மூன்று தடவை இறங்கிற்று. கஸ்பருக்கும் அருள்மலர் கணவாய்க் குழம்பை அள்ளி அள்ளிப் போட்டாள். சாப்பிட்டு முடிய, கஸ்பர் நாலாவது நிரலுக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதினார். தவளையையும் எழுதினார். தலைப்பில் இருந்த 'டிக்கெட் பையன்' என்பதை வெட்டிவிட்டு 'திரு. இரத்தினவேல்' என்று போட்டார்.

நாலு மணிக்கு வழியனுப்ப இரத்தினவேலரும் கீழே இறங்கினார். பனி உருகிக் கார்த் தரிப்பிடம் முழுக்கத் தண்ணீர். வெளியே போக இரண்டு வாசல். ஒன்று கஸ்பரின் காருக்குப் பக்கத்தில், கெனடி வீதிக்கு. மற்றது இரத்தினவேலரின் முதுகுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி வேறெங்கோ போவது.

"ஐயா, நாநூத்தொண்ணு ஹைவேயைப் பிடிக்க எந்தப் பக்கம்? வரும்போது சுத்திட்டேன்."

வேறு நாளென்றால் இரத்தினவேலர் காரில் ஏறி நெடுஞ்சாலை வரைக்கும் போயிருப்பார். இன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார். வாய் கொஞ்சம் தயங்கிற்று. பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிற தயக்கம்.

"உந்த வாசலாலை போங்கோ," என்றார்.

"சரிங்கய்யா," என்று கஸ்பர் தலையை ஆட்டினார். காரில் ஏறினார், கையைக் காட்டினார், காரை ஒரு வட்டம் அடித்துத் திருப்பி, இரத்தினவேலரைக் கடந்து, குப்பைத் தொட்டிகளின் பக்கத்து வாசலால் வெளியே போனார்.

இரத்தினவேலர் கூப்பிடக் கையை உயர்த்தினார். பிறகு அந்தக் கையாலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு லிப்ட் பக்கம் நடந்தார்.

மேலே அருள்மலர் யன்னலில் நின்றாள். "அப்பா, அவர் பிழையான வாசலால் எல்லோ போனவர். நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் பிள்ளை. வடிவாச் சொன்னனான். அவை வழியில ஆரையாவது கேட்டுப் போவினம்," என்று இரத்தினவேலர் மேசையில் இருந்து, மிச்சச் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். "உந்த உப்பை எடு."

அருள்மலரின் கை போத்தலில் ஒரு கணம் நின்றது. பிறகு எடுத்துக் கொடுத்தாள்.